பன்னிரண்டு மாதத்து மாப்பிள்ளை

எழுபதுகளில் ராசிபுரத்தில் போட்டோ எடுத்துக்கொள்ள மூன்று காரணங்கள்தான் உண்டு. கல்யாணம், சாவு, பரீட்சை ஹால் டிக்கெட். இவை எதுவும் இல்லாமல் ஒருவன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் அவனுக்கு உள்நோக்கம் இருக்கிறது என்று பொருள். நான் கரண்ட் ஆபீசில் பம்புசெட் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் வேறு இருந்தேன். ஆகவே என் உள்நோக்கம் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

ஒரு சித்திரையில், பூத்து நின்ற வேப்பமரம் ஒன்றைக் காட்டோரம் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் காடு என்றால் உழுகிற நிலம்; அந்தக் காட்டுக்காரர் தலைத்துண்டு அவிழ ஓடி வந்தார். வந்த வேகத்தில் ஒரு மூங்கில் கழியை எடுத்து, மின்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த தன் ஒயரைத் தட்டிக் கீழே தள்ளினார்.

“நேத்து ராத்திரி காத்துல எங்கிருந்தோ வந்து உழுந்துருச்சுங்க சார். நானே எடுத்துப்போடலாம்னு இருந்தேன்.”

காற்றில் வந்து விழுந்த ஒயரின் நுனி கொக்கிபோல அழகாக வளைக்கப்பட்டிருந்தது. நான் மரத்தைத்தான் எடுத்தேன் என்றேன்.

“மரத்துல என்னுங்க இருக்குது? மரத்துக்கு மீட்டரா வெச்சிருக்குது?”

கடைவீதியில் நிலைமை வேறுமாதிரி. நான் கேமராவைத் திறந்த உடனே வீதி நின்றுவிடும். இளநீர் வெட்டுகிறவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி நிற்பார். அவருக்குப் பின்னால் ஆறேழு பேர் இறந்தவர்களுக்கு மவுனம் காப்பதுபோல வரிசையாக நிற்பார்கள். “நான் வீதியை எடுக்கிறேன், கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள்” என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். “வீதியில நாங்கதானுங்களே இருக்கறம்” என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் படத்தில் வீதி இருக்காது.

இதனால் வெறுத்துப்போய்த்தான் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்தேன். என்னுடையது மேலிருந்து குனிந்து பார்க்கும் பெட்டிக் கேமரா; சேலத்தில் பழையதாக வாங்கியது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதங்கள். ஒழுங்கை விரும்புகிற ஒருவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒவ்வொரு தமிழ் மாதத்தின் முதல் ஞாயிறு காலையிலும் அதே பாறையில், அதே இடத்தில் நின்று, அதே காட்சியை ஒரு படம் எடுப்பேன். எதிரே புளியமரங்கள் வரிசையாக நின்ற சாலை, அதற்கு இப்பால் ஒரு காடு, காட்டின் நடுவில் ஒரு கிணறு, தள்ளி ஏரி. பருவங்கள் மாறுவதைப் பிடிக்கப் போகிறேன் என்பது என் எண்ணம். சித்திரையில் போட்ட சுருளைப் பங்குனி முடிந்துதான் வெளியே எடுப்பேன். ஸ்டூடியோக்காரருக்கு அதைக் கண்டாலே சிரிப்பு வரும். “ஒரு வருசமா உள்ளயே வெச்சிருந்தா பிலிமுக்குக் கரையான் புடிக்குமுங்க சார்” என்பார். அவருடைய தொழிலெல்லாம் காஷ்மீர் அருவி வரைந்த திரைக்கு முன்னால் நடந்தது. ராசிபுரத்தில் பாதிப் பேர் அந்த அருவியில் நனையாமல் நின்றவர்கள்தான்.

வீட்டிலும் எனக்கு மரியாதை இல்லை. “பொண்டாட்டி புள்ளைய ஒரு படம் புடிக்கத் துப்பில்ல. மாசமானா புளியமரத்துக்குப் போட்டோ. அதென்ன உங்க மாமியா ஊடா?” என்பாள் என் மனைவி.

என் பருவங்களும் அப்படியொன்றும் ஒத்துழைக்கவில்லை. கறுப்பு வெள்ளையில் பச்சைக்கும் காய்ந்ததற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆடிக் காற்றில் பாறைமேல் நின்று எடுத்த படத்தில் புளியமரங்கள் பேயாடின. மார்கழிப் பனியில் ஏரி இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. எல்லாவற்றுக்கும் மேலாக எரிச்சலூட்டியது, அநேகமாக எந்த மாதம் எடுத்தாலும் காட்டின் ஏதோ ஒரு மூலையில் எறும்பளவுக்கு நின்ற ஒரு ஆள். இயற்கையைத் தனியாக எடுக்க அவன் விடவே இல்லை.

அந்த ஆள் காட்டுக்குச் சொந்தக்காரன். முப்பத்திரண்டு வயது, இன்னும் கல்யாணமாகவில்லை. அப்பா இல்லை, அம்மா மட்டும். நல்ல உழைப்பாளி, குடிப்பழக்கம் இல்லை, பல்வரிசையும் சரியாகத்தான் இருந்தது. குறை அவனிடத்தில் இல்லை, கிணற்றில் இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். முகம் எப்படியிருந்தாலும் பழகிக்கொள்ளலாம், தண்ணீர் இல்லாததைப் பழகிக்கொள்ள முடியாது என்பது பெண்ணைப் பெற்றவர்களின் தத்துவம். அதிலும் சித்திரையில்தான் வருவார்கள். கோடையில் தண்ணீர் நிற்கிற கிணறுதான் கிணறு. இவன் கிணற்றை மூன்று வீட்டார் எட்டிப் பார்த்துவிட்டு, கொடுத்த மோரைக்கூட முழுதாகக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

நான்காவதாக ஒரு வீட்டார் ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அதற்கு முந்தின வாரம் அவனுடைய தாய்மாமன் என் வீட்டுக்கு வந்தார். அவர் கடைவீதியில் நெய் வியாபாரி. எதை எதோடு கலந்தால் தெரியாது என்கிற விஷயத்தில் கெட்டிக்காரர் என்று ஊரில் சொல்வார்கள். அவருடைய நெய்யைப் பற்றி நான் இங்கே எழுத வரவில்லை.

“ஏனுங்க சார், பாறைமேல நின்னு மாசாமாசம் புடிக்கறீங்களாமே. கார்த்தியில புடிச்சது இருக்குதுங்களா?”

அந்த வருடச் சுருளை அப்போதுதான் கழுவி வாங்கியிருந்தேன். எடுத்துக் காட்டினேன். அடைமழைக்குப் பின் எடுத்த படம் அது. கிணறு விளிம்பு வரை நிரம்பி, வானம் அதில் தெரிந்தது. மாமன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

“இத மட்டும் பெருசாப் போட்டுக் குடுங்க. சொவுத்துல மாட்டறதுக்கு.”

“சித்திரை மாசத்துல கார்த்திகைப் படமுங்களா? அப்படின்னா கீழே மாசத்த எழுதித்தான் தருவேன்.”

“தாராளமா எழுதுங்க சார். முன்னால எதுக்கு, பின்னால எழுதுங்க. சொவுறு படிச்சுக்கும்.”

நான் தயங்கினேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “ஒரு பையனுக்குக் கல்யாணம் ஆகுதுன்னா குடுத்துத் தொலைங்க. அந்தக் கேமராவால நடக்கற மொத நல்ல காரியம்.”

பெரிதாகப் போட்டு, பின்பக்கம் மையால் மாதத்தை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அதைச் சட்டம் போட்டு, என் எழுத்தின் மேல் அட்டையை வைத்து ஆணி அடித்து மாட்டினார்கள்.

பெண்ணின் அப்பா கத்திரி வெயில் உச்சியில் இருக்கும்போது வந்து இறங்கினார். கனத்த சரீரம், வாய் நிறைய வெற்றிலை. மஞ்சளும் கரும்பும் விளைகிற தோட்டத்துக்காரர். கூட அவருடைய பங்காளி ஒருவர். மாமன் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். அரசாங்க ஆள் எடுத்த படம் என்றால் அதற்கு ஒரு எடை உண்டு என்பது அவர் கணக்கு.

“இந்த வேகாத வெயில்ல காட்டுக்கு எதுக்குங்க? கெணறு இங்கயே மாட்டியிருக்குது பாருங்க” என்றார் மாமன்.

பெண்ணின் அப்பா எழுந்து போய்ச் சுவரருகே நின்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணி நல்லா நிக்குது” என்றார் பெண்ணின் அப்பா.

“எந்நாளும் அப்படித்தானுங்க! எறைக்க எறைக்க ஊறிக்கிட்டே இருக்கும். மோட்டாரு சலிச்சுப்போவும், கெணறு சலிக்காது.” மாமனுக்கு நெய் விற்கிற குரல் வந்துவிட்டது.

“காட்டுல நிக்கறது சோளமாட்ட இருக்குது?”

“சோளந்தானுங்க. கடலைக்காய், குச்சிக்கெழங்கும் போடுவான்.”

“மஞ்ச?”

“இல்லீங்க.”

“ஒரு வாழை, கீழை?”

“இல்லீங்க.”

அவர் மோரை முழுதாகக் குடித்தார். மாமன் என்னைப் பார்த்து வெற்றிப் புன்னகை செய்தார். பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ரோசனை பண்ணிச் சொல்லியுடறமுங்க” என்றார். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

காரணம் பிறகு கல்யாணத் தரகர் மூலம் வந்தது. அந்தப் படம் கார்த்திகையில் எடுத்தது என்பதை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். சித்திரையில் சோளம் நிற்காது என்பது அவருக்குத் தெரியாதா? அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் சரக்கை அவரவர் நல்ல வெளிச்சத்தில்தான் காட்டுவார்கள். அவருக்கு ஆகாதது வேறு. “இத்தன தண்ணிய வெச்சுக்கிட்டு ஒருத்தன் மானாவாரிச் சோளம் போடறான்னா அவன் எத்தன சோம்பேறியா இருக்கோணும்? தண்ணியில்லாதவனுக்குக்கூடப் பொண்ணு குடுக்கலாம். தண்ணியிருந்தும் மஞ்ச வெக்காதவனுக்குக் குடுக்க முடியாது” என்று சொன்னாராம்.

தரகர் இதை எங்களிடம் மட்டும் சொல்லவில்லை. வழியில் இருந்த டீக்கடைகளிலும் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். தண்ணீர் இல்லாத மாப்பிள்ளை என்ற பெயராவது ஒரு மழையில் போய்விடும். சோம்பேறி மாப்பிள்ளை என்ற பெயர் போகவே போகாது. இனி எந்த வீட்டார் வந்து எட்டிப் பார்ப்பார்கள்? அவனுடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். விடிவதற்கு முன் காட்டுக்குப் போய் இருட்டின பிறகு திரும்புகிற அந்த மனிதனைப் பார்த்து, சைக்கிள் கடைத் திண்டில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள், “ஏப்பா, தூங்கி எந்திரிச்சுட்டயா?” என்று கேட்டார்கள்.

மாமன் மருமகனையும் கூட்டிக்கொண்டு மறுபடி என் வீட்டுக்கு வந்தார். இந்த முறை குரலில் நெய் இல்லை.

“சார், வத்துன கெணறு எத்தன இருக்குதுங்க?”

“ஏழெட்டுப் படம் இருக்கும்.”

“எல்லாத்தையும் குடுங்க. காஞ்சு கருகிக் கெடக்கறதாப் பாத்துக் குடுங்க. இன்னும் எச்சா வறட்சி இருந்தாலும் பரவாயில்லீங்க.”

“அவரையே கூட்டிவந்து கெணத்தக் காட்டிருங்களேன்.”

“காட்டறன்னு சொல்லியுட்டனுங்க. சித்திரையில ஆரு ஊட்டுக் கெணறுதான் வத்தல, அது எப்ப வத்துச்சுன்னு சொல்லுங்கறாரு. எறைக்க எறைக்க ஊறும்னு நீதான சொன்னங்கறாரு. எம்பட வாயே எனக்கு எமன்.”

கிணறு எந்த மாதம் வற்றியது என்பதற்கு ஊரில் ஒரே சாட்சி என் பெட்டிக் கேமராதான். நான் பன்னிரண்டு படங்களையும் மேசைமேல் மாத வரிசையில் பரப்பினேன். தரப்போவதானால் பன்னிரண்டையும் தருவேன், பொறுக்கி எடுக்க விடமாட்டேன் என்று சொன்னேன். ஒரு முறை பொறுக்கி எடுத்ததன் பலனைத்தான் பார்த்துவிட்டோமே. மாமன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவர், ஆடி மாதப் படத்தில் நின்றுவிட்டார். வேம்பின் அடியில் ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் மாப்பிள்ளை, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகக் கிடந்தான்.

“அடப் பாவி! பன்னண்டு மாசத்துல இந்த மனுசன் வந்து நிக்கற நேரம் பாத்தா படுக்கோணும்?” என்று பக்கத்தில் நின்ற மருமகனைப் பார்த்துக் கத்தினார்.

“அன்னிக்குக் காய்ச்சலுங்க மாமா.”

“வாய மூடு. காய்ச்சக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், இத மட்டும் எடுத்துருங்க.”

“ஒண்ணு கொறஞ்சா அவரு எண்ணிருவாரு. உங்க ஊருல வருசத்துக்குப் பதினோரு மாசந்தானான்னு கேப்பாரு.”

மாமன் யோசித்துப் பார்த்தார். சோளத்தை வைத்து மாதத்தைச் சொன்ன மனிதர் அவர். பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு போனோம். ஸ்டூடியோக்காரரிடம் அவருடைய பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டேன்.

ஆட்டையாம்பட்டிக்கு அப்பால் அவருடைய தோட்டத்து வீட்டில் எங்களை உட்காரச் சொன்னார்கள். உட்காரச் சொன்ன விதத்தில், உடனே எழுந்துவிடுவோம் என்ற நம்பிக்கை தெரிந்தது. பெண்ணின் அப்பா படங்களைக் கட்டிலில் பரப்பி, பூதக்கண்ணாடியோடு குனிந்தார். முதலில் கிணறுகளைப் பார்த்தார். தையில் பாதி, மாசியில் அடியில் ஒரு கறுப்பு, பங்குனியில் அதுவும் இல்லை.

“அப்ப ஊறாதா?” என்றார்.

“ஊறாதுங்க” என்றார் மாமன். வாழ்க்கையில் அவர் ஒரே சொல்லில் முடித்த பதில் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு பெண்ணின் அப்பா அந்த எறும்பைத் தேட ஆரம்பித்தார். வைகாசியில் அவன் ஏர் பூட்டியிருந்தான். ஆவணியில் களை வெட்டினான். ஐப்பசிச் சேற்றில் முழங்கால் வரை நின்றான். நான் அத்தனை வருடமும் காட்சியைக் கெடுக்கிறான் என்று திட்டிக்கொண்டிருந்த ஆளை, அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“மாசியில காணோம். பங்குனியிலயும் காணோம்.”

“கெணத்துக்குள்ள இருக்கறானுங்க. ஆழப்படுத்திக்கிட்டு இருந்தான்” என்றார் மாமன்.

“அது ஆரு வேணாலும் சொல்லலாம். நானுங்கூடக் கெணத்துக்குள்ளதான் இருந்தேன்னு சொல்லலாம்.”

பெண்ணின் அப்பா படங்களை அடுக்க ஆரம்பித்தார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, அவர் தோளுக்கு மேலாகப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பேசினாள். இருபத்துநான்கு வயதிருக்கும்.

“ஏனுங்கப்பா, கெணத்து மேட்டப் பாருங்க.”

“என்ன அம்மிணி?”

“மாசியில மண்ணு மேட்டுக்குப் பக்கத்துல ஒரு செடி நிக்குது. பங்குனியில செடியக் காணோம், மண்ணு அதும்மேல ஏறியிருக்குது. உள்ளயிருந்து ஆரோ வெட்டிப் போடாம மண்ணு தானா ஏறி வருமா?”

அவர் பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தார். மாசியையும் பங்குனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கல்லும் மண்ணுமாகக் குவிந்த மேடு ஒரு மாதத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஒவ்வொரு மாதமும் அந்தப் பாறையில் நின்று குனிந்து பார்த்த என் கண்ணில் அது பட்டதே இல்லை. நான் பருவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி. இது?” என்று ஆடியை எடுத்தார்.

மாமன் வாயைத் திறந்தார். அவர் என்ன கலக்கப் போகிறாரோ என்று பயந்து நான் முந்திக்கொண்டேன்.

“ஆடிங்க. தூங்கறாருங்க.”

பெண்ணின் அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பன்னண்டுல ஒண்ணு. எம்பட மூத்த மாப்பிள்ளைய இப்படிப் புடிச்சீங்கன்னா பன்னண்டுலயும் கட்டல்லதான் கெடப்பாரு. கெணறு மட்டும் ரொம்பி நிக்கும். அந்தக் கெணத்தப் பாத்துத்தான் பெரியவளத் தள்ளியுட்டன்.”

உள்ளே யாரோ பாத்திரத்தைச் சத்தமாக வைத்தார்கள். பெண்ணின் அம்மாவாக இருக்கலாம்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை கொடுக்க வந்த மாமனிடம், கேமராவில் புதுச் சுருள் போட்டிருப்பதாகச் சொன்னேன். அவர் சங்கடத்தோடு நெளிந்தார். “கல்யாணத்துக்கு நல்ல போட்டோக்காரராப் பாத்துச் சொல்லியிருக்கறமுங்க சார். நீங்க கெணறு, மரமெல்லாம் நல்லாப் புடிக்கறீங்க.” மணமக்கள் காஷ்மீர் அருவிக்கு முன்னால் நின்றார்கள். மாப்பிள்ளை கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தான்.

இந்தக் கதை அத்தோடு நிற்கவில்லை. தரகர் டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு போனார். உழைக்கிற பையன் என்பதற்குப் பன்னிரண்டு போட்டோ வேண்டும் என்று நாமக்கல் சாலை நெடுகப் பேச்சாகிவிட்டது. லாரி புக்கிங் ஆபீசில் விசிறிக்குக் கீழே உட்காருகிற ஒரு பையனின் அப்பா என்னிடம் வந்தார். பையனுக்குக் காடு இருந்தது. அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் பையனுக்குச் சுமாராகத் தெரியும். ஒரு வருடம் ஆகுமே என்றேன். “அதெதுக்குங்க அத்தன நாளு? பன்னண்டு மாசத்தையும் ஒரே மத்தியானத்துல முடிச்சுருங்க. அவன் சட்டைய மாத்திக்கறான்” என்றார். மார்கழிக்குத் தலையில் கட்ட மப்ளர், ஐப்பசிக்குக் குடை, எல்லாம் தயாராக வைத்திருந்தார்.

நான் முடியாது என்றேன். ஸ்டூடியோக்காரர் முடியும் என்றார். சேலத்துக்கு ஆள் அனுப்பி, சினிமா பேனர் எழுதுகிறவரை வைத்து ஒரு புதுத் திரை வரையச் செய்தார். நிரம்பிய கிணறு, பீய்ச்சியடிக்கும் மோட்டார், பின்னால் மஞ்சள் தோட்டம். கேமராவோடு என் சுருளைக் கழுவக் கொடுக்கப் போனபோது அந்தப் பையன் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். மண்வெட்டியின் பிடியில் கடைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. தையில் நின்றான், மாசியில் நின்றான். பங்குனி வருவதற்குள் மண்வெட்டியைப் பிடித்து நின்றதிலேயே அவன் உள்ளங்கையில் ஒரு கொப்புளம் எழும்பிவிட்டது. “ஐயோ, எரியுதே” என்று கையை உதறினான்.

அவனுடைய அப்பா பதறிப்போய் மகன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். அவர் முகம் மலர்ந்தது. ஸ்டூடியோக்காரரை ஒதுக்கிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“சார், நீங்க புடிச்சாத்தான எல்லாரும் நம்புவாங்க? இத ஒண்ணு புடிச்சுருங்க. அமுங்கறதுக்குள்ள.”